'டக் அவுட்'டில் வாத்து எங்கிருந்து வந்தது?

பேட்டை இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பெவிலியனுக்குத் திரும்புகிறார் ஒரு பேட்ஸ்மேன். 'அய்யோ, டக் அவுட்டா!' என்று டிவி முன்னால் இருக்கும் மொத்தக் குடும்பமும் உச்சுக்கொட்டுகிறது. ரன் எதுவும் எடுக்காமல் அவுட் ஆவதுதான் டக். சரி, கிரிக்கெட்டுக்கும் வாத்துக்கும் என்ன சம்பந்தம்?

எல்லாம் ஸ்கோர் புத்தகத்தில் எழுதும் பூஜ்ஜியம் செய்த வேலை! அது முட்டை வடிவில் இருப்பதால், 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதை 'வாத்து முட்டை' என்று கேலியாகச் சொன்னார்கள். நாளடைவில் முட்டை காணாமல் போய், வாத்து மட்டும் நின்றுவிட்டது. நம் ஊரில் பரீட்சையில் பூஜ்ஜியம் வாங்கினால் 'முட்டை வாங்கிட்டான்' என்கிறார்களே, அதே கணக்குதான்.

டக்கில் பல ரகம் உண்டு. சந்தித்த முதல் பந்திலேயே அவுட் ஆனால் 'கோல்டன் டக்'. ஒரு பந்தைக்கூடச் சந்திக்காமல், எதிர்முனையில் நின்றபடியே ரன் அவுட் ஆனால் 'டைமண்ட் டக்'. டெஸ்ட்டின் இரண்டு இன்னிங்ஸிலும் டக் என்றால் 'பேர்'. இரண்டுமே முதல் பந்தில் என்றால் 'கிங் பேர்'. ரன் எடுக்காவிட்டாலும் கடைசிவரை அவுட் ஆகாமல் நின்றவருக்கு டக் கிடையாது.

ஜாம்பவான்களும் இதற்குத் தப்பவில்லை. 1948 ஆகஸ்ட் 14, லண்டன் ஓவல் மைதானம். டான் பிராட்மேன் தன் கடைசி டெஸ்ட்டில் பேட்டிங் செய்ய வருகிறார். இன்னும் 4 ரன் எடுத்தால் அவரது டெஸ்ட் சராசரி 100. எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்திலேயே போல்டு! சராசரி 99.94 என்று நின்றுபோனது.

சச்சினுக்கோ தொடக்கமே டக். 1989 டிசம்பரில் பாகிஸ்தானின் குஜ்ரன்வாலாவில் ஆடிய முதல் ஒருநாள் போட்டியில் பூஜ்ஜியம், அடுத்த போட்டியிலும் பூஜ்ஜியம். அவர் ஓய்வுபெறும்போது ஒருநாள் போட்டிகளில் எடுத்திருந்த ரன்கள் 18,426.

இலங்கையின் மார்வன் அட்டப்பட்டு பட்ட பாடு இன்னும் பெரிது. டெஸ்ட்டில் முதல் 6 இன்னிங்ஸில் 5 டக். மொத்தமாக எடுத்தது ஒரே ஒரு ரன். வேறு யாராக இருந்தாலும் பேட்டைப் பரணில் போட்டிருப்பார்கள். அவர் காத்திருந்து திரும்பி வந்தார்; 6 இரட்டைச் சதங்கள் அடித்தார்; அணிக்கே கேப்டனும் ஆனார்.

முட்டை வாங்கி முகம் வாடி வரும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன், இந்த அட்டப்பட்டு கதையை ஒருமுறை சொல்லிப் பாருங்கள்!