தோல் கருவிகளைப் பதிவு செய்வது எப்படி? – நகரியில் கற்றது

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் சிறுவர் சிறுமியர் ஆடிய கிராமிய நடனம் அன்பர்கள் பலருக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் நன்றாகவே ஆடினார்கள். பின்னால் ஒலித்த பம்பைதான் தகர டப்பாவைத் தட்டுவது போல் கேட்டது. அந்த ஒலிப்பதிவைச் செய்த பெருமை அடியேனையே சேரும். விடுமுறையில் ஊருக்குப் போனபோது கைப்பேசியை நீட்டிப் பிடித்துப் பதிவு செய்து வந்தது அது. விழா முடிந்ததும் ஒரு சிறுமி என்னிடம் வந்து, "அங்கிள், நிஜப் பம்பையும் இப்படித்தான் கேட்குமா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. இங்கே பிறந்த குழந்தைக்கு நாம் கொண்டு வந்து கொடுப்பதுதானே அந்த வாத்தியம்!

எங்கள் ஊர் நகரி. சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிறவர்கள் திருத்தணியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் வரும் ஊர். 1960-இல் எல்லை வகுத்தபோது திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. அதனால் எங்கள் பக்கத்தில் வீட்டிலே தமிழும் கடைத்தெருவிலே தெலுங்குமாகத்தான் பேச்சு. பறையின் உறவான கருவி டப்பு. தவிலுக்கு டோலு என்று பெயர். பெயர் எதுவானாலும் திரௌபதி அம்மன் திருவிழாவில் பம்பையும் உடுக்கையும் முழங்கத் தொடங்கினால் உடம்பு சிலிர்க்காதவர் கிடையாது.

இந்த ஆண்டு மறுபடியும் போனேன். ஊரில் பம்பை வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் பழைய பதிவைப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, நான் அடிக்கறது ரெண்டு பக்கம். உன் பொட்டியில ஒரு பக்கந்தான் கேக்குது. அதுவும் அடிச்சவுடனே மூச்சு அடங்கிப் போவுது."

ஒலிப்பதிவு நூல்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

முதலில் மூச்சு அடங்கிய கதை. கைப்பேசியின் ஒலிப்பதிவு வசதி பேச்சுக்காக அமைந்தது. சத்தம் கூடினால் தானே குறைத்துக்கொள்ளும். குறைந்தால் தானே கூட்டிக்கொள்ளும். பேச்சு அல்லாத ஒலியை இரைச்சல் என்று நினைத்து அழுத்தியும் விடும். பம்பையில் ஓர் அடி பலமாக விழுந்ததும் அது பயந்து ஒலியைக் குறைக்கும். அடுத்து வரும் மெல்லிய அடிகள் காணாமல் போகும். ஆகவே கைப்பேசியில்தான் பதிவு செய்வது என்றால், இந்தத் தானியங்கி வசதியை அணைத்து, ஒலியளவை நாமே நிறுத்தி வைக்க இடம் தரும் செயலியைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். செலவில்லாத முதல் திருத்தம் இதுதான்.

கொஞ்சம் பணம் போட முடிந்தால் உள்ளங்கையில் அடங்கும் ரெக்கார்டர் ஒன்று வாங்கலாம். ஜூம் எச்1 போன்றவற்றில் இரண்டு மைக்குகள் உள்ளேயே உண்டு; பேட்டரியில் ஓடும். 2024-இல் வந்த எச்1 எசென்ஷியல் 32-பிட் ஃப்ளோட் முறையில் பதிவதால், ஒலியளவைத் தவறாக வைத்துவிட்டாலும் பின்னால் சரி செய்துகொள்ளலாம். ஆனால் மைக்கே தாங்க முடியாத அளவுக்கு முழக்கம் இருந்தால் எந்த பிட்டும் காப்பாற்றாது. பறைக்கு ஒரு சாண் தூரத்தில் இதைக் கொண்டு போய் வைக்காதீர்கள்.

தோல் கருவிக்கு அருகில் வைக்க ஏற்றது டைனமிக் வகை மைக். மேடையில் பாடகர்கள் கையில் பிடிப்பார்களே, அந்த வகை. ஷூர் நிறுவனம் 1965-இல் கொண்டுவந்த எஸ்எம் 57 இன்றும் உலகம் முழுவதும் டிரம்ஸுக்கு முன்னால் நிற்கிறது. அமெரிக்காவில் 100 டாலர் அளவில் கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்றால் ஊர் மைக் செட்டுக்காரரிடம் உள்ள அஹூஜா டைனமிக் மைக்கை வாடகைக்குக் கேளுங்கள். நல்ல இடத்தில் வைத்த சாதாரண மைக், கெட்ட இடத்தில் வைத்த விலையுயர்ந்த மைக்கைவிட நன்றாகக் கேட்கும். கண்டென்சர் வகை நுட்பமானது. ஆனால் அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டும், தூரத்து லாரியையும் விடாமல் கேட்கும்.

இனி இடம். பம்பை என்பது ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு உருளைகள். பொதுவாக ஒன்று மரம், மற்றது வெண்கலம். இடுப்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் வாசிப்பார்கள். சென்ற முறை நான் அவருக்கு வலப்பக்கம் நின்றுகொண்டு கைப்பேசியை நீட்டியிருக்கிறேன். வலது தோல் அறைந்தது. இடது தோல் அவர் உடம்புக்கும் கருவிக்கும் பின்னால் மறைந்துவிட்டது. இம்முறை ஒரே ரெக்கார்டரை அவருக்கு நேர் எதிரே, நாலடி தள்ளி, பம்பையைவிடக் கொஞ்சம் உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்து நிறுத்தினேன். இரண்டு பக்கமும் சமமாக வந்தன. மைக் ஸ்டாண்டு இல்லை. இரண்டு செங்கல்லும் ஒரு மூங்கில் கழியும் போதுமானதாக இருந்தன.

தூரத்தை மாற்றிப் பார்ப்பதுதான் இதில் பாதி வேலை. அருகில் போனால் குச்சியின் அறைச்சல் கூடும். முன்பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் மைக்குகளில் கனத்த ஒலியும் அளவுக்கு மீறி ஊதிக்கொள்ளும். விலகினால் தோலும் மரமும் காற்றும் சேர்ந்த முழு ஒலி கிடைக்கும். கூடவே ஊர் இரைச்சலும் வரும். 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வருவதற்கு முன், கிராமபோன் புனலுக்கு முன்னால் யார் எவ்வளவு தள்ளி உட்காருவது என்பதை வைத்தே ஒலியைச் சமன் செய்தார்கள். நாமும் அதையேதான் செய்கிறோம். பம்பையோடு உடுக்கையும் இருந்தால் இரண்டாவது மைக்குக்குப் பறக்காமல், மெல்லிய ஒலியுள்ள உடுக்கைக்காரரை ஓரடி முன்னால் வரச் சொல்லுங்கள்.

கணினியில் சேர்க்கும் இரண்டு வாய் கொண்ட ஆடியோ பெட்டி இருந்தால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டைனமிக் மைக் வைக்கலாம். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. வலது தோலில் அடி விழும்போது அது உள்ளே அமுங்குகிறது. உள்ளே அடைபட்ட காற்று இடது தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக் காற்று விலகுவதையும் மற்றது காற்று நெருங்குவதையும் ஒரே நேரத்தில் உணர்கின்றன. இரண்டையும் அப்படியே கலந்தால் ஒன்றை ஒன்று தின்று, கும் என்ற அடி ஒலி இளைத்துவிடும். மருந்து எளிது: ஒரு மைக்கின் பதிவைத் தலைகீழாக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் 'இன்வெர்ட்' என்ற கட்டளை இருக்கிறது. போட்டும் எடுத்தும் கேளுங்கள். எது கனமாகக் கேட்கிறதோ அதுவே சரி.

தொலைவாலும் இதே கோளாறு வரும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் ஓடுகிறது. ஒரே அடி இரண்டு மைக்குகளுக்கும் 17 செ.மீ. வித்தியாசத்தில் வந்து சேர்ந்தால் 1000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி அடிபட்டுப் போகும். பழைய கைவிதி ஒன்று உண்டு: மைக் கருவிக்கு எவ்வளவு தூரமோ, அதைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் அடுத்த மைக் இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசிக்கும் இருவருக்கு இது நன்றாகவே உதவும்.

எங்கள் ஊரில் இன்னொரு தொல்லை விசைத்தறி. நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் எல்லாம் தறி ஓடும் ஊர்கள். 'கடகட' சத்தம் இல்லாத தெருவைத் தேட வேண்டும். நான் காத்திருந்து காத்திருந்து அலுத்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. தெருவே சலித்துக்கொண்டது, நான் மட்டும் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பேட்டரியின் அருமை அப்போதுதான் தெரிந்தது! அறைக்குள் பதிவு செய்வதானால் வெறும் சிமெண்ட் சுவர் எதிரொலிக்கும். நூல் மூட்டையும் துணிக்கட்டும் அடுக்கிய தறிக்காரர் வீட்டு அறை அருமையாக அடங்கியிருந்தது. இங்கே நம் வீடுகளில் போர்வை, மெத்தை, துணி அலமாரி ஆகியவை அந்த வேலையைச் செய்யும். வெளியே காற்று வீசினால் மைக்குக்கு ஒரு கம்பளிக் காலுறை மாட்டுங்கள்.

பறைக்கு ஒரு தனிக் குறிப்பு. தோல் பறையை நெருப்பில் காய்ச்சித்தான் சுருதி ஏற்றுவார்கள். நாம் கம்பியை அவிழ்த்துச் சேர்ப்பதற்குள் அது இறங்கிவிடும். எல்லாவற்றையும் முடித்து வைத்துவிட்டுப் பிறகு காய்ச்சச் சொல்லுங்கள். சோதனைக்கு வாசிக்கச் சொன்னால் எல்லோரும் மெதுவாகவே வாசிப்பார்கள். உச்சத்தில் அடிப்பதை அடித்துக் காட்டச் சொல்லி, அதன் முகடு -12 டெசிபல் அருகில் நிற்குமாறு அளவை வைத்தால் போதும்.

பிள்ளைகளுக்கு மிருதங்கம் கற்பிக்கும் பெற்றோர் பலர் நம்மிடையே உண்டு. வலந்தலையின் நடுவிலுள்ள கருப்புச் சாதம்தான் அதற்குச் சுருதி சேர்ந்த இனிமையைத் தருகிறது என்பதை சி.வி. ராமன் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934-இல் மேலும் விளக்கினார். அந்த இனிமை முழுதாகக் கிடைக்க, மைக்கைத் தோலுக்கு மிக நெருக்கமாக ஒட்டாதீர்கள். ஒரே மைக் என்றால் எதிரே இரண்டடி தள்ளி, நடு உடலை நோக்கி வையுங்கள். தொப்பி கேட்கவில்லையானால் மைக்கை அந்தப் பக்கம் நாலு விரல் நகர்த்துங்கள், குமிழைத் திருகாதீர்கள். பாலக்காடு மணி அய்யர் (1912–1981) கச்சேரியில் மைக் வைப்பதையே விரும்பாதவர். அந்தக் கைக்கும் காதுக்கும் நடுவே இன்னொரு பொருள் எதற்கு என்று அவர் நினைத்திருந்தால் அதில் தவறொன்றும் இல்லை. நமக்கோ, கடல் தாண்டி வந்தவர்களுக்கு வேறு வழியில்லை.

பதிவு தொடங்குமுன் வாசிப்பவரின் பெயர், ஊர், அடியின் பெயர், தேதி ஆகியவற்றை அவர் குரலிலேயே சொல்லச் சொல்லுங்கள். சன்மானத்தைப் பேசி முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். விழாவில் போடப் போகிறோம் என்பதையும் சொல்லுங்கள். பெரியவருக்கு ஒரு பிரதியைப் பேரனின் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் இடது கையை மட்டும் தொடையில் தட்ட ஆரம்பித்தார். "கேக்குதா தாத்தா?" என்றான் பேரன். "சும்மா இருடா, இப்பதான் மாத்தி அடிக்கப் போறேன்" என்றார்.

அந்தப் பதிவு வரும் பொங்கல் விழாவுக்குத் தயாராக இருக்கிறது.