பூலுக்கு ஒரு மூடி: சோலார் கவர் உண்மையில் என்ன செய்யுது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

தலைப்பைப் பார்த்ததும், "நம்ம ஊரு வெயிலுக்கு நீச்சல் குளத்தைச் சூடா வெச்சுக்க ஒரு எபிசோடா?"ன்னு சிரிச்சிருப்பீங்க. சிரிங்க, பரவாயில்ல. ஆனா மார்கழி, தை மாசத்துல காலைல ஆறு மணிக்கு ஒரு திறந்தவெளி பூல்ல கால வெச்சுப் பாருங்க. சிரிப்பு நின்னுடும்.

பேச வசதியா ஒரு ஊரை எடுத்துக்குவோம். பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம், செட்டிகுளம். மலை மேல கையில கரும்போட நிக்கிற தண்டாயுதபாணி ஒரு பக்கம், சின்ன வெங்காயம் இன்னொரு பக்கம். ரெண்டுக்கும் பேர் போன ஊர். பேர்லயே குளம் இருக்கு, ஆனா விவசாயத்துக்கு நம்பியிருக்கிறது பெரும்பாலும் கிணத்தையும் போரையும் மழையையும்தான். சென்னையிலயோ பெங்களூருலயோ வேலை பார்க்குற ஒருத்தர் இங்க ஒரு தோட்ட வீடு கட்டி, அதுல சின்னதா ஒரு பூலும் போடுறார்னு வெச்சுக்குவோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர். சுமார் 38,000 லிட்டர் தண்ணி.

சூடு எங்க போகுது?

குளிர்காலத்துல இந்தப் பக்கம் ராத்திரி வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கும். நிம்மதியா நீந்த 26 முதல் 28 டிகிரி வேணும். பகல் முழுக்க வெயில் அடிச்சும் காலைல தண்ணி ஏன் சில்லுனு இருக்கு? "குளிர்ந்த காத்து பட்டு ஆறிடுச்சு"ன்னு சொல்வோம். அது கதையில சின்னப் பகுதிதான்.

அமெரிக்க எரிசக்தித் துறை தர்ற கணக்குப்படி, திறந்தவெளி பூல் இழக்குற வெப்பத்துல சுமார் 70 சதவீதம் ஆவியாதல் வழியா போகுது. வானத்தை நோக்கிக் கதிர்வீச்சா போறது 20 சதவீதம். மண்ணு, மத்ததெல்லாம் சேர்ந்து மீதி 10.

ஆவியாதல் எவ்வளவு பெரிய திருடன்னு புரிய ஒரு ஒப்பீடு. 30 டிகிரில இருக்குற ஒரு லிட்டர் தண்ணியைக் கொதிநிலை வரைக்கும் சூடாக்க ஆகுற சக்தியைவிட, அதே ஒரு லிட்டரை ஆவியாக்க சுமார் 8 மடங்கு சக்தி வேணும். பள்ளிக்கூடத்துல 'உள்ளுறை வெப்பம்'னு படிச்சோமே, அதேதான். அந்தச் சக்தியைத் தண்ணி எங்கிருந்து எடுக்கும்? கூட இருக்குற தண்ணிகிட்ட இருந்துதான். மண்பானைத் தண்ணி ஜில்லுனு இருக்குறதும் இதனாலதான். அந்த வகையில உங்க பூல் ஒரு பெரிய மண்பானை.

இப்ப நம்ம பூலுக்கு வருவோம். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகுதுன்னு வெச்சுக்குங்க. கண்ணுக்கே தெரியாத அளவு. ஆனா 32 சதுர மீட்டர் பரப்புக்கு அது 160 லிட்டர், பத்துக் குடத்துக்கு மேல. அது எடுத்துட்டுப் போற வெப்பம் சுமார் 108 யூனிட். வெயில் எதையும் திருப்பித் தரலைன்னா, அந்த ஒரே நாள்ல மொத்த பூலும் 2.4 டிகிரி இறங்கியிருக்கும். ஹீட் பம்ப் வெச்சு ஈடுகட்டினா, இதுல நாலுல ஒரு பங்கோ அஞ்சுல ஒரு பங்கோ கரன்ட் செலவாகும். சாதா காயில் ஹீட்டர்னா முழு 108 யூனிட்டும் மீட்டர்ல ஏறும்.

கவர் சூடு பண்ணாது

இப்பதான் முக்கியமான விஷயம். சோலார் கவர்னா பார்சல்ல வர்ற பபிள் ராப் மாதிரியே இருக்கும், ஆனா தடிமனா, வெயிலைத் தாங்குற மாதிரி செஞ்ச பிளாஸ்டிக். குமிழ் இருக்குற பக்கம் கீழே, தண்ணி மேல மிதக்கும். 'சோலார்'னு பேர் இருக்கிறதால அது வெயிலை உறிஞ்சி தண்ணியைச் சூடாக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறோம்.

உண்மையில கவர் போட்டா தண்ணிக்குள்ள போற வெயில் குறையும்! நிறமில்லாத குமிழ் கவர் 5 முதல் 15 சதவீதம் வரை வெயிலைத் தடுக்கும். ஒளி புகாத கவர் 20 முதல் 40 சதவீதம் வரை தடுக்கும். அப்புறம் எப்படி தண்ணி சூடா இருக்கு? வரவுல கொஞ்சம் குறைஞ்சாலும், செலவுல பெரிய ஓட்டையை அடைச்சிடுது. சம்பளம் கொஞ்சம் குறைஞ்சாலும் மாசக் கடைசில கையில காசு நிக்கிற மாதிரி.

ஹீட்டர் இருக்குற பூல்ல கவர் போட்டா சூடாக்குற செலவு 50 முதல் 70 சதவீதம் வரை குறையலாம், மேல ஊத்துற தண்ணி 30 முதல் 50 சதவீதம் வரை மிச்சமாகலாம்னு அதே துறை சொல்லுது. அதனால ஹீட்டர் வாங்குற யோசனைல இருந்தா, முதல்ல கவர் வாங்குங்க.

வெங்காயப் பட்டறையும் பூலும்

செட்டிகுளத்து விவசாயிக்கு இந்தப் பாடத்தை நாம எடுக்கவே வேணாம். அறுவடை பண்ணின சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பாங்க. தரையிலிருந்து கொஞ்சம் உசத்தி, பக்கவாட்டுல காத்து புகுந்து போற மாதிரி. ஏன்? காத்து ஓடினா ஈரம் போகும். ஈரம் தங்கினா வெங்காயம் அழுகும்.

பூலுக்கு வேண்டியது இதுக்கு நேர் எதிர். தண்ணிக்கு மேல ஈரமான காத்து ஒரு படலமா தங்கி நின்னா ஆவியாதல் மெதுவாகும். காத்து அதைத் தள்ளிட்டே இருந்தா வேகமாகும். கவர் அந்தக் காத்தைத் தண்ணியைத் தொடவே விடுறதில்லை. விடியக்காலைல கிணத்துத் தண்ணி வெதுவெதுப்பா இருக்குறதுலயும் இதுக்கு ஒரு பங்கு இருக்கு. பூமிக்கடியில வெப்பநிலை அதிகம் மாறாதுங்கிறது முதல் காரணம். சுவர்களுக்கு நடுவுல ஆழத்துல காத்தடிக்காதுங்கிறது ரெண்டாவது.

சரி, அந்தத் தெர்மாகோல்?

தண்ணியை மூடுறதுன்னு பேசினா தமிழ்நாட்டுல எல்லாருக்கும் ஒரே விஷயம்தான் ஞாபகம் வரும். 2017 ஏப்ரல், கடும் வறட்சி. அப்போதைய அமைச்சர் செல்லூர் ராஜு வைகை அணையில தெர்மாகோல் அட்டைகளை மிதக்க விட்டார். கொஞ்ச நேரத்துல காத்து அதையெல்லாம் கரைக்குத் தள்ளிடுச்சு. மீம் இன்னும் ஓடிட்டு இருக்கு.

ஆனா தண்ணிப் பரப்பை மூடினா ஆவியாதல் குறையும்ங்கிற இயற்பியல் தப்பே இல்ல. 2022 மார்ச்சுல தூத்துக்குடில ஸ்பிக் நிறுவன வளாகத்து நீர்த்தேக்கத்துல மிதக்கும் சூரிய மின் நிலையம் திறந்தாங்க. கரன்ட் எடுக்குறது முதல் வேலை, நிழல் விழுந்து ஆவியாதல் குறையுறது கூடுதல் லாபம். அந்தத் தகடுகள் மிதவையில கட்டி, நங்கூரம் போட்டு நிக்குது. வைகைல தோத்தது காத்துகிட்டதான்.

வீட்டு பூலுக்கும் அதே பாடம். கவரை பூலோட வடிவத்துக்கு ஒட்டினாப்ல வெட்டணும். ஓரத்துல ஒரு அடி இடைவெளி விட்டா அது வழியா ஆவி போகும், காத்தும் உள்ள புகுந்து தூக்கும். ஆடிக் காத்து நேரத்துல சாதா குமிழ் கவர் மட்டும் போதாது, ஓரத்தைக் கட்டி வைக்கணும்.

வாங்குறவங்க கவனிக்க

ஒண்ணு. சித்திரை, வைகாசியில கதை தலைகீழ். தண்ணி ஏற்கெனவே சூடு. அப்ப ராத்திரில கவரை எடுத்துட்டா ஆவியாதலே இலவச ஏசி. ஆனா தண்ணி குறையும். 160 லிட்டர் வீதம் முப்பது நாளைக்கு 4,800 லிட்டர். ஊர்ல போர் வத்துற மாசமும் அதேதான். அந்த நேரத்துல குளுமையா, தண்ணியான்னு கேட்டா, மேல நிழல் வலை கட்டிட்டு, கவரையும் விடாதீங்க.

ரெண்டு. குளோரின் அதிகமா போடுற அன்னைக்குக் கவரை எடுத்து வைங்க. குளோரினும் வெயிலும் சேர்ந்து பிளாஸ்டிக்கை அரிக்கும். சுருட்டி வெச்ச கவரை வெயில்ல அப்படியே விடாதீங்க, மேல ஒரு வெள்ளைத் துணியாவது போடுங்க.

மூணு, இதுதான் ரொம்ப முக்கியம். சோலார் கவர் பாதுகாப்பு மூடி கிடையாது. பார்க்கத் தரை மாதிரி இருக்கும், ஒரு குழந்தை கால் வெச்சா மடங்கி உள்ளே இழுத்துக்கும், மேல இருந்து பார்த்தா ஆள் உள்ள இருக்குறதே தெரியாது. பாதி சுருட்டிட்டு மீதில நீந்துறதும் கூடாது. இறங்குறதுக்கு முன்னாடி முழுசா எடுங்க. குழந்தைங்க வர்ற வீடுன்னா சுத்தி வேலி, பூட்டுற கதவு கட்டாயம்.

பூல் இல்லாதவங்களுக்கு

நம்மள்ல முக்கால்வாசிப் பேர் வீட்ல பூல் கிடையாது, தெரியும். மொட்டை மாடி இருக்கா? ஒரே மாதிரி ரெண்டு பக்கெட் எடுங்க. ஒரே அளவு தண்ணி ஊத்தி, உள்பக்கம் பேனாவால கோடு போடுங்க. ஒண்ணுல மட்டும் பபிள் ராப்பை வட்டமா வெட்டி, குமிழ் கீழே இருக்குற மாதிரி மிதக்க விடுங்க. மூணு நாள் கழிச்சு விடியக்காலைல போய் ரெண்டுலயும் கை வெச்சுப் பாருங்க, கோட்டையும் பாருங்க. எந்த பக்கெட்ல எவ்வளவு இறங்கியிருக்குன்னு அளந்து எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல படிக்கிறோம்.