கிரவுண்டுக்கு எத்தனை சதுர அடி, பாஸ்?

டை கட்டத் தெரியுமா, இங்கிலீஷ்ல நாலு நிமிஷம் நிறுத்தாம பேச வருமா... அதெல்லாம் அப்புறம். ஒரு கிரவுண்டுன்னா எத்தனை சதுர அடி? டக்குன்னு 2,400 என்று சொன்னவர்கள் கை தூக்குங்க. ஒரு சென்ட்? 435.6. தெரியாதவங்க வெட்கப்பட வேண்டாம். மூணு வருஷமா இன்ஜினீயரிங் படிக்கிற எங்க க்ளாஸ்லயே முக்கால்வாசிப் பேர் முழிச்சாங்க. ஆனால் ரியல் எஸ்டேட் ஆபீஸ் இன்டர்வியூவில் முழிக்க முடியாது.

கேம்பஸ் இன்டர்வியூல பேர் வரலைன்னா உலகமே இருட்டிடுச்சுன்னு உட்கார்ந்திருக்கிற ஃப்ரெண்ட்ஸ், இது உங்களுக்குத்தான். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுக்கிற ஆபீஸ்களில் எந்த டிகிரி என்பது பெரிய விஷயமில்லை. அதனாலேயே 'வாய் இருந்தா போதும்' என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறோம். எதிரே வந்து உட்காரும் கஸ்டமரை யோசிச்சுப் பாருங்க. முப்பது வருஷச் சம்பளம், பி.எஃப். பணம், அம்மாவோட நகை எல்லாம் சேர்ந்துதான் அந்த செக் புக்கில் இருக்கு. நீங்க ஒரு பேப்பரைப் படிக்காம விட்டா, அவருக்கு இன்னொரு முப்பது வருஷம் கிடையாது.

அதனால முதல்ல பேப்பர். உங்க வீட்டுப் பத்திரத்தையே எடுத்துப் படிங்க. அப்பா முறைப்பார், பரவாயில்ல. வாடகை வீடா? மாமா, சித்தப்பான்னு யார்கிட்டயாவது கேளுங்க. இந்தச் சொத்து யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதைத் தாய்ப்பத்திரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வரணும். அப்புறம் வில்லங்கச் சான்று, அதாவது ஈ.சி. பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். 'ஈ.சி. க்ளீன் சார்' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக மூச்சு விடாதீங்க. 'சரி, அதுல வராதது எது?' என்று அடுத்த கேள்வி விழலாம். பதிவு செய்யாத உயிலும், குடும்பத்துக்குள் வாய்வார்த்தையாகப் பேசி முடித்த பாகப்பிரிவினையும் அதில் வராது. வீட்டில் இருக்கிற எல்லாரிடமும் பேசினால்தான் தெரியும்.

அடுத்தது கணக்கு. 2023 ஏப்ரலிலிருந்து விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்ச ரூபாய்க்குப் பழைய வீடு வாங்குபவர் பதிவுக்கு மட்டும் 7 லட்சத்து 20 ஆயிரம் தனியாக எடுத்து வைக்கணும். (புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்குக் கணக்கு வேற, அதையும் பார்த்துட்டுப் போங்க.) இதைக் கடைசி நாளில் சொன்னால் அவர் எங்கே போவார்?

சரி, பேப்பரை மூடிட்டு வெளியே வாங்க. மயிலாப்பூர் மாட வீதிகளைச் சுற்றி ஒரு ரவுண்டு நடங்க. கோயில் நிலத்துக்கு மனை வாடகை கட்டிக்கொண்டு, மேலே சொந்தக் காசில் வீடு கட்டி வாழ்கிற குடும்பங்கள் சென்னையில் உண்டு. கட்டடம் அவங்களுது, மண்ணு சாமியோடது. 1959-ம் வருஷத்து இந்து சமய அறநிலையச் சட்டம் 34-வது பிரிவுப்படி, கமிஷனர் அனுமதி இல்லாமல் கோயில் சொத்தை விற்றால் அந்த விற்பனையே செல்லாது. 'கோயிலுக்குப் பக்கத்துல சார், சூப்பர் லொக்கேஷன்' என்று பேசத் தொடங்கும் முன்னாடி, மண் யாருடையது என்று கேட்கிற பழக்கம் இருக்கணும். இதை நீங்களாகவே இன்டர்வியூவில் எடுத்துச் சொன்னால், எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடையாறில் வேற பாடம். காந்தி நகர், சாஸ்திரி நகர் பக்கம் பழைய ஃப்ளாட்டுகளை இடித்துவிட்டுப் புதுசு கட்டுகிறார்கள். அங்கே சுவரைவிட முக்கியம் யு.டி.எஸ். எனப்படும் பிரிபடாத மனைப் பங்கு. ஒரு கிரவுண்டில் ஒரே அளவில் நாலு ஃப்ளாட் என்றால் ஆளுக்கு 600 சதுர அடி. பில்டிங் போனாலும் அது போகாது.

இப்ப நிஜமான கேள்வி. 'இங்க 2015 டிசம்பர்ல தண்ணி வந்துச்சா தம்பி?' என்று கஸ்டமர் கேட்கிறார். அந்த வருஷம் அடையாறு ஆறு கோட்டூர்புரம் வீடுகளுக்குள்ளே புகுந்ததை ஊரே பார்த்தது. 'சேச்சே, இங்கெல்லாம் வராது சார்' என்று சிரிச்சுக்கிட்டே அடிச்சு விடலாம். அந்தத் தெரு இஸ்திரி வண்டிக்காரரிடமும் எதிர் வீட்டுப் பாட்டியிடமும் கேட்டுவிட்டு, 'முழங்கால் வரைக்கும் வந்திருக்கு சார், அதுக்கப்புறம் தரையை உயர்த்தியிருக்காங்க' என்றும் சொல்லலாம். முதல் பதிலைத்தான் எதிர்பார்க்கிற ஆபீஸ்களும் இருக்கு. அங்கே வேலை கிடைக்காமல் போனா ட்ரீட் வைங்க.

தி.நகருக்கு வந்தால் ஒரு சின்ன சரித்திரம். 1920-களில் ஏரியைத் தூர்த்து, தியாகராய செட்டியார் பெயரில் உருவாக்கிய நகர் இது. பக்கத்தில் மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னமும் இருக்கு. லேக் எங்கேன்னு கேட்காதீங்க, அது வீடாகி ரொம்ப வருஷம் ஆச்சு!

'ரெரா' என்று எல்லாரும் சொல்வது 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம். பதிவான புராஜெக்ட்டை விற்கிற ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். ஒப்பந்தம் பதிவு செய்யாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. கார்ப்பெட் ஏரியா என்றால் வெளிச்சுவரும் பால்கனியும் சேராத, உள்ளே நாம் புழங்குகிற இடம். விளம்பரத்தில் வருகிற சூப்பர் பில்ட் அப் கணக்கில் படிக்கட்டும் லிஃப்ட்டும்கூட நம்ம தலையில் ஏறியிருக்கும். இரண்டுக்கும் வித்தியாசத்தைப் பேப்பரில் படம் போட்டுக் காட்டப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்பது அவங்க மட்டும் இல்ல, நீங்களும் கேட்கணும். கம்பெனியின் ரெரா பதிவு எண் என்ன? மாசச் சம்பளம் உண்டா, கமிஷன் மட்டுமா? பெட்ரோலுக்கு யார் காசு? டீல் முடிந்து எத்தனை நாளில் கமிஷன் கைக்கு வரும்? 'ட்ரெய்னிங்குக்கு டெபாசிட் கட்டுங்க' என்றால் தண்ணி குடிச்சிட்டு எழுந்து வந்துடுங்க. பாண்டி பஜாரில் அந்தக் காசுக்கு நல்ல ஷூ கிடைக்கும், இந்த வேலைக்கு அது நிச்சயம் தேவைப்படும்.

ஹெல்மெட்டும் லைசென்ஸும் கையோடு இருக்கட்டும். இன்டர்வியூ முடிந்ததும் 'வாங்க தம்பி, ஒரு வீடு பார்த்துட்டு வந்துடலாம்' என்று கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க.