ஆபரேட்டர் ரூம் – 11: தட்டில் சுற்றிய படம்

சூலக்கரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சென்னை மல்டிபிளெக்ஸ் ஒன்றில் சில காலம் உதவி ஆபரேட்டராக இருந்தவர். “பிளாட்டர் பண்ணின சேட்டையை எல்லாம் எழுதுங்க சார். நம்ம விருதுநகர், சாத்தூர்ப் பக்கம் அந்த மெஷின் ஏன் பெரிசா வரலைன்னும் சொல்லுங்க” என்று கேட்கிறார். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் சேட்டை.

பிளாட்டரைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வினாடிக்கு 24 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி என்பது 35 எம்.எம். பிலிமின் கணக்கு. இரண்டே முக்கால் மணி நேரப் படம் என்றால் ஏறக்குறைய 15,000 அடி. வழக்கமான முறையில் இது 1,000 அடி, 2,000 அடிச் சுருள்களாகப் பெட்டியில் வரும். இரண்டு புரொஜக்டர்களில் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். பிளாட்டர் முறையிலோ எல்லாச் சுருளையும் ஒன்றோடொன்று ஒட்டி, படுக்கைவாட்டில் சுழலும் பெரிய தட்டின் மேல் ஒரே சுருளாகச் சுற்றிவிடுவார்கள். எடை 30 கிலோவுக்கு மேல் போகும். ஒரு கம்பத்தில் இப்படி மூன்று தட்டுகள் இருக்கும். ஒன்றிலிருந்து பிலிம் புரொஜக்டருக்குப் போகும், ஓடி முடித்தது இன்னொன்றில் வந்து சேரும். நூல்கண்டின் உள்நுனியைப் பிடித்து உருவுவதுபோலப் பிலிமைத் தட்டின் நடுவிலிருந்து உருவுவதுதான் இதில் சூட்சுமம். வந்து சேரும் தட்டில் படத்தின் ஆரம்பம் நடுவளையத்தை ஒட்டியே சுற்றப்படும். வளையத்தை எடுத்துவிட்டால் அடுத்த காட்சிக்கு அங்கிருந்தே தொடங்கலாம். ரீவைண்ட் என்ற வேலையே கிடையாது.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் சவுல்காவ் ஊரில் தியேட்டர் நடத்திய வில்லி புர்ட். 1987-ம் ஆண்டுக்கான ஆஸ்கர் அறிவியல், தொழில்நுட்ப விருதில் கினோட்டன் நிறுவனத்தோடு இவர் பெயரும் இருக்கிறது. ரீவைண்ட் பண்ணிப் பண்ணிக் கை வலித்த தியேட்டர்காரருக்குத்தான் இந்த யோசனை வரும்.

இனி பழுது. பிலிம் வெளியேறும் தட்டின் நடுவில் ஒரு தலை பொருத்தியிருக்கும். அமெரிக்க ஆபரேட்டர்கள் இதை ‘மூளை’ என்பார்கள். அதில் ஒரு சின்னக் கை உண்டு. புரொஜக்டர் பிலிமை இழுத்தால் கை ஒரு பக்கம் சாயும், தட்டு வேகமெடுக்கும். இழுவை தளர்ந்தால் கை திரும்பும், தட்டு மெதுவாகும். இந்தத் தலையைச் சுற்றிப் பிலிம் இறுக்கிக்கொள்வதுதான் பிளாட்டரின் பேர்போன நோய். உள்சுற்றிலிருந்து ஒரு அடுக்கு வர வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று அடுக்குகள் ஒட்டிக்கொண்டு வரும். மிச்சம் தொய்ந்து தலையில் மாட்டும். புரொஜக்டருக்கு அது தெரியாது, இழுத்துக்கொண்டே இருக்கும். பழைய அசிடேட் பிலிம் என்றால் பட்டென்று அறுந்துவிடும், மெஷினும் நின்றுவிடும். 1990-களில் பரவிய பாலியஸ்டர் பிரிண்ட் அறாது. உருளையை வளைக்கும், கையைப் பிடுங்கும், அதுவரை விடாது.

கீழே விசில் பறக்கும், ஆபரேட்டரின் ஏழு தலைமுறையும் ஏலத்துக்கு வரும். அந்த நேரத்தில் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடும். கூடாது. முதலில் தட்டின் மோட்டாரை அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் நாலு சுற்று விழும். பிறகு தலையில் எத்தனை சுற்று விழுந்திருக்கிறது, எந்தப் பக்கமாக என்று பார்த்து, ஒவ்வொரு வளையமாகத் தலைக்கு மேலே தூக்கி எடுக்க வேண்டும். பெரும்பாலும் வெட்டாமலே விடுபட்டுவிடும். வெட்டினால் ஒட்டு விழும், சில பிரேம் போகும், அந்த ஒட்டு அடுத்த காட்சியில் இன்னொரு தொல்லை.

ஆனால் விடுவித்ததோடு வேலை முடிந்ததாக நினைக்கிறவர் அடுத்த காட்சியிலும் இதே இடத்தில் நிற்பார். மேட்னியில் மாட்டிய சிக்கல் பல நேரம் முந்தின இரவு இரண்டாம் ஆட்டத்தில் சுற்றிவைத்ததாக இருக்கும். படம் வந்து சேரும் தட்டு அன்றைக்கு விட்டுவிட்டு இழுத்திருந்தால் உள்சுற்றுகள் தொளதொளவென்று விழுந்திருக்கும். மறுநாள் அவைதான் நடுவில் சரியும். அதனால் நின்றுபோன தட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை, வாங்குகிற தட்டையும் பார்க்க வேண்டும். பிலிம் இல்லாத நேரத்தில் அதன் கையை விரலால் மெல்ல நகர்த்தினால் தட்டு படிப்படியாக வேகமெடுக்க வேண்டும். திடுக்கென்று எகிறினால் வேகக்கட்டுப்பாட்டில் தூசியோ தேய்மானமோ இருக்கிறது. ஒளி உணரி வைத்த மாடல்களில் கண்ணாடியில் படிந்த தூசியே தட்டைத் தறிகெட்டு ஓடவைத்துப் பிலிமைத் தரையில் இறைத்துவிடும். கை சரியாக இருந்தும் தட்டு தயங்கினால் ஓரத்தில் உரசி ஓட்டும் ரப்பர் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இறுகிப் பளபளத்திருக்கும், அல்லது யாரோ எண்ணெய்க் கையை வைத்திருப்பார்கள். வழி உருளைகளில் ஒன்று சுழலாமல் நின்றாலும் படம் ஓடும். ஆனால் பிலிமில் கீறல் விழுந்து நாலே நாளில் திரையில் மழை பெய்யும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பிலிம் ஒட்டினால் குற்றவாளி காற்று. அடுக்குகள் பிரியும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது. காற்றில் ஈரம் இருந்தால் அது கசிந்துபோகும், வறண்டிருந்தால் பிலிமிலேயே தங்கும். இதை விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1922-இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அந்தத் தொழிலும், பின்னால் பட்டாசும் அச்சும், இங்கே நிலைத்ததற்கு மழை குறைந்த இந்த வறண்ட காற்று பெரிய காரணம். அந்தக் காற்றே நிலைமின்சாரத்துக்கும் தோது. பட்டாசு ஆலையில் மருந்து அறை வாசலில் எர்த் செய்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போவதும், நைலான், பாலியஸ்டர் துணி வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். அங்கே ஒரு பொறி உயிரை எடுக்கும், ஆபரேட்டர் ரூமில் ஒரு காட்சியைக் கெடுக்கும். மருந்து ஏறக்குறைய ஒன்றே: பிளாட்டர் கம்பத்துக்கு ஒழுங்கான எர்த், பிலிம் பாதையில் உரசும் மெல்லிய உலோக பிரஷ், அறைக்குள் கொஞ்சம் ஈரம். ஏ.சி. ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் ஈரமூட்டி வைப்பார்கள். அது இல்லாத இடத்தில் வாளித் தண்ணீரும் நனைத்துத் தொங்கவிட்ட துண்டும்தான்.

டிஜிட்டல் வந்து இதெல்லாம் ஒழிந்தது என்று நினைக்க வேண்டாம். 2023-இல் ‘ஓப்பன்ஹைமர்’ படத்தின் ஐமேக்ஸ் 70 எம்.எம். பிரிண்ட் சுமார் 17 கிலோமீட்டர் நீளம், 270 கிலோ எடை. மூன்று மணி நேரப் படத்தைத் தாங்கும்படி பிளாட்டரையே பெரிதாக்க வேண்டியிருந்தது. உலகெங்கும் 30 அரங்குகளில் அது ஓடியது. இந்தியாவில் ஒன்றுகூட இல்லை.

சரி, சூலக்கரைக்காரரின் இரண்டாவது கேள்வி. பிளாட்டர் ஆள்செலவை மிச்சப்படுத்த வந்த சாமான். ஒரே ஆபரேட்டர் நாலைந்து திரைகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஒற்றைத் திரைத் தியேட்டரில் அதற்கு என்ன வேலை? அதைவிடப் பெரிய காரணம் பிரிண்ட். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர்கள் பங்குபோட்டு ஓட்டிய காலம் அது. இங்கே ஆறாவது ரீல் ஓடும்போது முதல் நாலு ரீலும் அடுத்த தியேட்டருக்குப் போயிருக்கும், காட்சி நேரத்தை அரை மணி, முக்கால் மணி தள்ளி வைத்திருப்பார்கள். மொத்தப் படத்தையும் ஒன்றாக ஒட்டித் தட்டில் சுற்றிவிட்டால், டிவிஎஸ் 50-இல் ரீல் பெட்டியோடு வாசலில் நிற்கிற பையனிடம் எதைக் கொடுத்தனுப்புவது?

(தொடரும்)