எழுத்தாளரின் வருவாயும் கூட்டுறவும்: கேரளம் தரும் பாடம்

திருவனந்தபுரம் நகரின் நுழைவாயிலாக விளங்குவது தம்பானூர். மத்திய இரயில் நிலையமும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மையப் பேருந்து நிலையமும் இங்கு எதிரெதிரே அமைந்துள்ளன. பேருந்து நிலையத்தை அடுத்து, இந்தியன் காபி ஹவுஸுக்காகக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த சுருள் வடிவச் செங்கற் கட்டடம் பயணிகளின் கண்ணைக் கவர்கிறது. அதன் வடிவத்தைப் போலவே அதன் உடைமை முறையும் கவனிக்கத்தக்கது. 1950-களில் காபி வாரியம் தன் விடுதிகளை மூட முற்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்து, விடுதிகளைத் தாமே நடத்தத் தொடங்கினர். கேரளத்தில் இவ்வகையில் அமைந்த முதல் விடுதி 1958-இல் திருச்சூரில் திறக்கப்பட்டது.

உழைப்பவரே விற்பனையையும் ஏற்று நடத்தும் இம்முறையை இதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னதாகவே மற்றொரு பிரிவினர் இதே மண்ணில் மேற்கொண்டிருந்தனர். அவர்கள் எழுத்தாளர்கள். 1945-இல் கோட்டயத்தில் அவர்கள் தொடங்கிய சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கத்தின் வரலாறு, எழுத்தை நம்பி வாழ முற்படுவோரின் பொருளாதாரச் சிக்கல்களை ஆராய்வதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

சிக்கலின் இயல்பு

எழுதுவது கலை, எழுதியதை நூலாக்கி வாசகரிடம் சேர்ப்பது வாணிபம். நூலின் விலை பலருக்கும் பங்கிடப்பட வேண்டியுள்ளது. தாள், அச்சு, கட்டமைப்பு ஆகியவற்றுக்கு ஒரு பங்கு. விற்பனையாளருக்குத் தரும் கழிவு மற்றொரு பங்கு. கிடங்கு, போக்குவரத்து, விளம்பரம், முடங்கிய முதலுக்கான வட்டி ஆகியவை பிறிதொரு பங்கு. இவையெல்லாம் போக எஞ்சுவதிலிருந்தே பதிப்பாளரின் ஆதாயமும் எழுத்தாளரின் உரிமைத்தொகையும் பிறக்கின்றன. உரிமைத்தொகை விலையில் பத்துச் சதவீதம் என்பது பெருவழக்கு.

ஒரு கணக்கின் மூலம் இதனை விளக்கலாம். 200 ரூபாய் விலையுள்ள நூல் 1,000 படிகள் அச்சிடப்பட்டு, மூன்றாண்டுகளில் முழுவதும் விற்றுவிடுவதாகக் கொள்வோம். பத்துச் சதவீத வீதத்தில் எழுத்தாளருக்குக் கிடைப்பது மொத்தம் 20,000 ரூபாய். மாதக் கணக்கில் இது 556 ரூபாய்க்குள் அடங்கிவிடும். உரிமைத்தொகையை முப்பது சதவீதமாக உயர்த்தினாலும் மொத்தத் தொகை 60,000 ரூபாயே. மாறாக, வீதத்தை உயர்த்தாமல் 5,000 படிகள் விற்றால் ஓர் இலட்சம் ரூபாய் கிடைக்கும். வீதம், விற்பனை ஆகிய இரண்டும் ஒருங்கே உயர்ந்தால் மட்டுமே தொகை மூன்று இலட்சத்தை எட்டும். ஆகவே, எழுத்தாளரின் வருவாய் ஒரு பெருக்கற்கணக்கு. பெருக்கப்படும் இரு எண்களில் ஒன்று சிறுத்தாலும் விடை சிறுத்துவிடும்.

பன்னிருவரும் நூற்றிருபது ரூபாயும்

முதல் எண்ணை உயர்த்தும் முயற்சியாகவே கோட்டயத்துச் சங்கம் தோன்றியது. அக்காலத்தில் எழுத்தாளர்கள் ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு நூலின் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுப்பது இயல்பாயிருந்தது. நூல் பின்னர் எத்தனை பதிப்புகள் கண்டாலும் அவர்களுக்குப் பங்கு இராது. இதற்கு உடன்படாதோர் தாமே அச்சிட்டுத் தாமே விற்க நேர்ந்தது. மலையாளத்தின் தலைசிறந்த கதாசிரியர்களுள் ஒருவரான வைக்கம் முகம்மது பஷீர் தம் நூல்களைத் தாமே எடுத்துச் சென்று விற்றவர்; எறணாகுளத்தில் புத்தகக் கடையும் நடத்தியவர். எழுதுவதற்குரிய நேரம் விற்பனைக்குச் செலவாவது இம்முறையின் பெருங்குறை.

இந்நிலையில் பன்னிரண்டு எழுத்தாளர்கள் ஒன்றுகூடி, 120 ரூபாய் மூலதனத்துடன் சங்கத்தைத் தோற்றுவித்தனர். திறனாய்வாளர் எம். பி. பால் தலைவராகவும், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய சிறுகதை ஆசிரியர் காரூர் நீலகண்டப் பிள்ளை செயலாளராகவும் பொறுப்பேற்றனர். பதிப்பாளர் என்ற இடைநிலையில் எழுத்தாளர்களே உறுப்பினராக அமைந்த சங்கம் நின்றதால், ஆதாயத்தின் பெரும்பகுதியை உரிமைத்தொகையாகவே வழங்க இயன்றது. சங்கம் விலையில் முப்பது சதவீதம் வரை உரிமைத்தொகை அளித்தது. பத்துச் சதவீதமே அரிதாயிருந்த துறையில் இது ஒரு புரட்சி எனலாம்.

நல்ல நூல் இருந்தும் அதை விற்கும் வழி இல்லையேல் பயனில்லை என்பதையும் சங்கம் உணர்ந்தது. டி. சி. கிழக்கேமுறியின் முயற்சியில் வளர்ந்த நேஷனல் புக் ஸ்டால் சங்கத்தின் விற்பனைப் பிரிவாயிற்று. கேரளத்தின் பல நகரங்களில் அதன் கிளைகள் அமைந்தன. எழுதுதல், பதிப்பித்தல், விற்றல் ஆகிய மூன்றும் ஒரே அமைப்பின் கீழ் வந்தமை சங்கத்தின் தனிச்சிறப்பாகும்.

வாங்குவோரை உருவாக்கிய இயக்கம்

எனினும், சங்கத்தின் வெற்றியைச் சங்கத்தின் திறமைக்கு மட்டுமே உரியதாகக் கொள்வது முழுமையான கணிப்பாகாது. பெருக்கற்கணக்கின் இரண்டாவது எண்ணை உயர்த்தும் பணி அதே 1945-ஆம் ஆண்டில் வேறோரிடத்தில் தொடங்கியது. பி. என். பணிக்கர் என்ற ஆசிரியர் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்து அம்பலப்புழையில் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தைத் தோற்றுவித்தார். கிராமந்தோறும் படிப்பகம் அமைக்கும் இயக்கமாக அது வளர்ந்தது. கேரளப் பொது நூலகச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டபின், திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மாநில நூலக மன்றம் இப்பணியைத் தொடர்கிறது. பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஆம் நாள் ஆண்டுதோறும் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இந்நூலகங்கள் அரசு மானியத்தைக் கொண்டு தமக்கு வேண்டிய நூல்களைத் தாமே தேர்ந்து வாங்குகின்றன. மாவட்டந்தோறும் நூலக மன்றம் நடத்தும் புத்தக விழாக்களில் கிராம நூலகப் பொறுப்பாளர்கள் நேரில் வந்து, புரட்டிப் பார்த்து, கழிவு பெற்று வாங்கிச் செல்கின்றனர். இதனால் நூலுக்கு நிலையானதொரு சந்தை கிடைக்கிறது. தேர்வு வாசகருக்கு அருகிலுள்ளவர் கையில் இருக்கிறது. எழுத்தாளர் சங்கம் உரிமைத்தொகையின் வீதத்தை உயர்த்தியது; நூலக இயக்கம் விற்பனையை உயர்த்தியது. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே மண்ணில் நிகழ்ந்தமையே கேரள அனுபவத்தின் உட்பொருள்.

சங்கம் எதிர்கொண்ட இடர்கள்

கூட்டுறவு என்பது எல்லா நோய்க்கும் மருந்தன்று. விலையில் பெரும்பங்கை உரிமைத்தொகையாக வழங்கும் அமைப்பில், சேமநிதியாக ஒதுக்கத்தக்க தொகை குறைந்துவிடுகிறது. தாளின் விலை உயரும்போதும், விற்காத படிகள் கிடங்கில் தேங்கும்போதும் நடைமுறை மூலதனத்திற்குத் தட்டுப்பாடு நேர்கிறது. உறுப்பினர்களே எழுத்தாளர்களாதலால், எந்த நூலை ஏற்பது, எதனை மறுப்பது என்பதும் எளிதான முடிவன்று. விற்பனைத் துறையில் தேர்ந்த நிர்வாகியின் சேவையும் இன்றியமையாதது.

1974-இல் டி. சி. கிழக்கேமுறி கோட்டயத்திலேயே டி. சி. புக்ஸ் என்ற தனியார் நிறுவனத்தைத் தொடங்கினார். அது மலையாளத்தின் முன்னணிப் பதிப்பகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஒரு காலத்தில் மலையாளப் பதிப்புலகில் முதன்மை பெற்றிருந்த சங்கம் கடும் போட்டியை எதிர்கொண்டது. ஆயினும் சங்கம் மறைந்துவிடவில்லை. மொழி, எழுத்து, இலக்கியம் ஆகியவற்றின் வரலாற்றை விளக்கும் அட்சரம் அருங்காட்சியகம் 2024-இல் அதன் முயற்சியால் கோட்டயம் நாட்டகத்தில் திறக்கப்பட்டது. சங்கத்தின் நேரடிப் பயனைக் காட்டிலும் அதன் மறைமுகப் பயன் பெரிது. ஒருமுறை உயர்ந்த உரிமைத்தொகை, பின்னர் வந்த பதிப்பாளரும் எழுத்தாளரை மதித்துப் பேசவேண்டிய சூழலை உருவாக்கியது.

தமிழகத்தின் நிலை

தமிழில் இச்சிக்கல் பழமையானது. சுப்பிரமணிய பாரதியார் 1920-இல் தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, ஒவ்வொன்றும் பதினாயிரம் படிகளாக வெளியிடத் திட்டமிட்டு, முதல் திரட்ட நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். வேண்டிய முதல் கிட்டவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அவர் பாடல்களின் பெருமதிப்புப் பின்னரே வெளிப்பட்டது. 1949-இல் சென்னை அரசு அவருடைய படைப்புகளின் உரிமையைப் பெற்றுப் பின்னர்ப் பொதுவுடைமையாக்கியது. திறனும் திட்டமும் இருந்தும், முதலும் விற்பனை அமைப்பும் இல்லாமையால் ஒரு பெரும் படைப்பாளி தம் உழைப்பின் பயனைக் காணாது போனதற்கு இது சான்று.

நூலகத் துறையில் தமிழகத்திற்கு முன்னோடி என்ற பெருமை உண்டு. எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பால் உருவான 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்துவரியுடன் நூலக வரியையும் வசூலிக்க வழிசெய்தது. இவ்வரியே நூல் கொள்முதலின் அடிப்படை. நூலக ஆணையை நம்பியே தமிழில் பல நூல்கள் அச்சேறுகின்றன. இது பதிப்பாளருக்கு ஓர் ஊன்றுகோல். ஆயினும், கொள்முதல் ஒரே மையத்திலிருந்து நடைபெறும்போது, ஆணையோ தொகையோ தாமதமானால் பதிப்பாளரின் முதல் முடங்குகிறது. அந்தத் தாமதத்தின் கடைசிச் சுமை எழுத்தாளர் மீதே இறங்குகிறது. 1977 முதல் சென்னையில் நடைபெற்றுவரும் புத்தகக் காட்சியும், அண்மை ஆண்டுகளில் அரசின் ஆதரவுடன் மாவட்டங்களில் நடைபெறும் புத்தகத் திருவிழாக்களும் வாசகரை நேரடியாக அடையும் வழியைத் திறந்துள்ளன.

சட்டம் அளிக்கும் பாதுகாப்பு

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்கு அளிக்கும் பாதுகாப்புகள் பரவலாக அறியப்படவில்லை. உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தம் எழுத்து மூலமாகவும் கையொப்பத்துடனும் இருத்தல் வேண்டும். நூலின் பெயர், மாற்றப்படும் உரிமைகள், காலம், எல்லை, உரிமைத்தொகை ஆகியவை அதில் குறிப்பிடப்பட வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிடின் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடப்படாவிடின் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதனைப் பயன்படுத்தாவிடின், ஒப்பந்தம் வேறு கூறாதவரை, அவ்வுரிமை தானே நீங்கிவிடும். எழுத்தாளரின் ஆயுட்காலத்திற்குப்பின் அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. எனவே வாய்மொழியாக விட்டுக்கொடுப்பது அவருடைய குடும்பத்தையும் பாதிக்கும். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுதல் நட்புக்கு முரணானது என்ற எண்ணம் கைவிடப்பட வேண்டும்.

செய்யத்தக்கவை

மின்னூலும், வேண்டும் அளவே அச்சிடும் முறையும் கிடங்குச் செலவைக் குறைத்துள்ளன. நூறு படிகளைக்கூட இன்று அச்சிட இயலும். ஆனால் அச்சிடுவது எளிதாகும்போது வெளிவரும் நூல்களின் எண்ணிக்கை பெருகி, வாசகரின் கவனத்தைப் பெறுவது அரிதாகிறது. இணைய விற்பனையிலும் விற்பவருக்குரிய கழிவு உண்டு. இசைவின்றிப் படியெடுத்துப் பரப்புவோரின் தொல்லையும் உண்டு. அச்சிட்ட நூலுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு இருப்பினும், தாளுக்குச் செலுத்தும் வரியைப் பதிப்பாளர் ஈடுசெய்ய இயலாது; அதுவும் நூலின் அடக்க விலையில் சேர்ந்துவிடுகிறது.

இச்சூழலில் சில நடவடிக்கைகள் பயன்தரும். முதலாவதாக, நூலகக் கொள்முதலில் ஒரு பகுதியையேனும் கிளை நூலகங்களின் நேரடித் தேர்வுக்கு விடலாம். தொகை வழங்கக் காலவரையறை வகுக்கலாம். இரண்டாவதாக, எழுத்தாளர்கள் வட்டார அளவில் கூட்டுறவு அமைத்து, பதிப்பைவிட விற்பனைக்கும் கணக்குத் தணிக்கைக்கும் முதலிடம் தரலாம். உரிமைத்தொகைக்கு முன் சேமநிதிக்கு ஒரு பங்கை ஒதுக்குவது நலம். மூன்றாவதாக, நூலகத்தில் இரவல் பெறப்படும் நூலுக்கு எழுத்தாளருக்குச் சிறு தொகை வழங்கும் முறையை ஆராயலாம். டென்மார்க் இதனை 1946-இலேயே தொடங்கியது. பிரிட்டன் 1979-இல் சட்டமாக்கியது. இந்தியாவில் இம்முறை இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

கோட்டயத்துப் பன்னிருவர் அரசின் உதவிக்காகக் காத்திருக்கவில்லை. ஆளுக்குப் பத்து ரூபாய் என்ற கணக்கில் அமைந்தது அவர்களின் முதல். ஆனால் அவர்கள் அச்சிட்ட நூலை வாங்கக் கிராமப் படிப்பகங்கள் இருந்தன. எழுத்தாளரின் முயற்சியும் சமுதாயத்தின் வாசிப்பும் இணையும்போதுதான் எழுத்து ஒரு தொழிலாக நிலைபெறும். இவற்றை இணைக்கும் பாலமாக அமைவதே அரசுத் திட்டங்களின் பணியாகும்.