காந்த மணிகளும் சின்ன வாய்க்கால்களும்

நெல்லிலிருந்து பதரைப் பிரிக்கச் சுளகு போதும். குருதியில் கலந்திருக்கும் நோய்க்கிருமியைப் பிரிப்பது எப்படி? ஆய்வுகூடங்கள் இதற்குக் காந்தத்தைத் துணைக்கு அழைத்துள்ளன.

1976ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு இரசாயனவியலாளர் ஜோன் உகெல்ஸ்டாட், ஒரே அளவான மிக நுண்ணிய பிளாஸ்டிக் மணிகளைச் செய்யும் வழியைக் கண்டார். பின்னர் அவற்றில் இரும்பு ஒட்சைட்டுச் சேர்த்து, காந்தத்துக்கு இழுபடும் மணிகள் ஆக்கப்பட்டன. கிருமியையோ அதன் மரபுப் பொருளையோ பற்றிக்கொள்ளும் பூச்சு மணியின் மேல் இடப்படுகிறது. மணிகளைக் குருதியில் கலந்து பக்கத்தில் காந்தத்தை வைத்தால், அவை பிடித்ததையும் கொண்டு ஒதுங்கிவிடும். மிகுதியைக் கழுவி அகற்றலாம். 2020இல் கொவிட் பரிசோதனைக்கும் பல நாடுகளில் இம்முறை கைகொடுத்தது. அங்கே பெரிய இயந்திரங்கள் ஒரே தடவையில் 96 மாதிரிகளைக் கழுவின.

ஆனால் அத்தகைய இயந்திரம் எல்லா ஊர்களுக்கும் வந்து சேராது. ஆகவே இவ்வேலை முழுவதையும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகட்டில் செய்ய ஆய்வாளர் முயல்கின்றனர். ஒரு மில்லிமீற்றரிலும் ஒடுங்கிய வாய்க்கால்கள் அத்தகட்டில் உள்ளன.

இங்கேதான் சிக்கல். ஒரு மில்லிலீற்றர் குருதியில் 10 கிருமிகள் மட்டுமே இருந்தால், அதில் நூறில் ஒரு பங்கை எடுத்துப் பார்க்கும்போது ஒன்றுமே அகப்படாமற் போகலாம். நோய் இருந்தும் "இல்லை" என்று முடிவு வரும். எனவே குருதி முழுவதையும் ஓடவிட வேண்டும். நிமிடத்துக்கு 10 மைக்ரோலீற்றர் வீதம் ஓடினால் அதற்கு 100 நிமிடங்கள் செல்லும். வேகத்தைக் கூட்டினாலோ, ஓட்டம் மணிகளைக் காந்தத்திலிருந்து அடித்துக்கொண்டு போய்விடும்.

வாய்க்கால்களின் தொகையைக் கூட்டுவதே வழி. எட்டு வாய்க்கால்கள் இருந்தால் 12½ நிமிடங்கள் போதும். ஆனால் ஒரே வாய்க்காலிலிருந்து வரிசையாக மடை திறந்தால் முதல் வயலுக்குக் கூடுதலாகவும் கடைசி வயலுக்குக் குறைவாகவும் நீர் பாய்வதை நாம் அறிவோம். தகட்டிலும் அப்படியே. அதனால் ஓட்டத்தை இரண்டாக, நான்காக, எட்டாகச் சம நீளத்தில் பிரிக்கின்றனர். அப்படியிருந்தும் ஒரு காற்றுக்குமிழி ஒன்றை அடைத்தால், மற்றவற்றில் வேகம் கூடி மணிகள் இழக்கப்படும். இத்தகைய தடைகளை நீக்குவதிலேயே ஆய்வாளரின் கவனம் உள்ளது.

கருவி சிறிதாயினும் பெரிதாயினும், "இல்லை" என்ற ஒரு முடிவை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் மீண்டும் வைத்தியரிடம் செல்லுங்கள். மறுபரிசோதனை தேவையா எனக் கேளுங்கள்.