பதுக்கலும் பாதுகாப்பும்: வரைகலை இயக்கியில் நினைவகம்

கணினித் திரையில் நாம் காணும் எழுத்தும் ஓவியமும் தாமே தோன்றுவன அல்ல. அவற்றை வரைவது வரைகலைச் செயலி. அச்செயலிக்கும் இயங்குதளத்திற்கும் இடைநின்று பணி ஏவும் மென்பொருளே இயக்கி. இதனை டிரைவர் என்றும் வழங்குவர். இயக்கியை ஆக்குவோர்க்கு நினைவகத்தை ஆளும் முறை தலையாய சிக்கலாகும். அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

முதற்கண் ஒரு கணக்கு. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு காட்சிக்கு, புள்ளிக்கு 4 பைட்டு வீதம் 82,94,400 பைட்டுகள் தேவை. நினைவகத்தை 4,096 பைட்டுப் பக்கங்களாகப் பகுத்தால் 2,025 பக்கங்கள் ஆகும். நொடிக்கு 60 காட்சிகள் வரைய வேண்டுமெனின், ஒவ்வொரு முறையும் புதிய பக்கங்களைக் கேட்பது தகுமோ? இயங்குதளத்தின் கரு அவற்றைத் தேடியெடுத்து, பழைய தரவை அழித்துச் சுழியமாக்கி, செயலி அடையும் வண்ணம் முகவரியிட்டுத் தருதல் வேண்டும். வரைவதற்குரிய காலம் இடம் தேடுவதிலேயே கழிந்துவிடும்.

ஆதலின் பயன்படுத்திய நினைவகத்தையே மீளப் பயன்படுத்தும் முறை எழுந்தது. 2008 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6.28 கருவில் ‘ஜெம்’ என்னும் நினைவக மேலாண்மை முறை இடம்பெற்றது. இன்டெல் நிறுவனத்தில் அந்நாளில் பணியாற்றிய கீத் பேக்கார்டும் எரிக் ஆன்ஹோல்ட்டும் இதனை வகுத்தனர். இதனோடு இயைந்த இன்டெல் நிரலகம், வேலை முடிந்த நினைவகத் துண்டுகளை உடனே திருப்பித் தராமல், அளவுவாரியாகப் பிரித்துத் தன்பால் வைத்துக்கொண்டது.

அவற்றுள் எதனை எடுப்பது? வரைகலைச் செயலி வரைவதற்கெனின், கடைசியாக விடுபட்ட துண்டை எடுக்கும். அது செயலியின் அருகிலேயே இன்னும் இருத்தல் கூடும். மையச் செயலி தரவை எழுதுவதற்கெனின், நெடுநேரம் முன் விடுபட்ட துண்டை நோக்கும். அதிலும் வரைகலைச் செயலியின் வேலை முடிந்திராவிடின், காத்திராமல் புதியதொன்றைப் பெறும். காத்திருப்பதினும் புதியது பெறுதல் விரைவு என்பதே காரணம்.

இவ்வாறு எடுத்துவைக்கும் இடத்தைக் ‘கேஷ்’ என்பர். ஒளித்துவைத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது இது. தமிழில் ‘பதுக்கு நினைவகம்’ என்னும்போது பதுக்கல் என்னும் பழிச்சொல் நினைவுக்கு வருதல் இயல்பே. பிறர் முடைப்படுகையில் ஒருவர் தேவைக்கு மேல் பூட்டிவைப்பதன்றோ பதுக்கல்? அப்பழி நேராதவாறு நிரலகம் இரண்டு ஏற்பாடுகளைக் கொண்டது. சும்மா கிடக்கும் துண்டுகளை, “முடை நேர்ந்தால் எடுத்துக்கொள்க” எனக் கருவிடம் முன்னரே அறிவித்துவிடும். ஏறத்தாழ ஒரு நொடிக்குமேல் எவரும் வேண்டாத துண்டுகளை, சேமிப்பைச் சீர்செய்கையில் தானே திருப்பித் தந்துவிடும்.

மற்றுமொரு கடமை தூய்மை. ஒரு நிரல் தன் பழைய துண்டைத் தானே மீளப் பயன்படுத்துவதில் தீங்கில்லை. பிற நிரலுக்குத் தருமுன் துடைத்தல் இன்றியமையாதது. ‘லெஃப்ட்ஓவர் லோக்கல்ஸ்’ என்னும் குறைபாட்டை டிரெயில் ஆஃப் பிட்ஸ் நிறுவனத்தார் 2024 ஜனவரியில் வெளியிட்டனர். ஆப்பிள், குவால்காம், ஏ.எம்.டி., இமாஜினேஷன் ஆகியோரின் வரைகலைச் செயலிகள் சிலவற்றின் உள்நினைவகம் துடைக்கப்படாமையால், ஒரு நிரல் விட்டுச்சென்ற தரவை வேறொரு நிரல் படிக்க இயன்றது. உரையாடும் செயற்கை நுண்ணறிவு தந்த விடைகளும் அவ்வழியே வெளிப்படலாயின.

விரைவு வேண்டிப் பொருளை வைத்திருத்தல் குற்றமன்று. முடையுற்றோர்க்கு விட்டுக்கொடுத்தலும், கைமாறுமுன் பிறர் மறையைத் துடைத்தலுமே பதுக்கலைப் பாதுகாப்பாக்குவன. கணினித்துறை புகவிருக்கும் நம் மாணவச் செல்வங்கள் நிரல் எழுதுங்கால் இவ்விரண்டையும் நெஞ்சில் நிறுத்துவாராக!